கால்வெஸ்டனுக்கு வந்தது கடுதாசி அல்ல

ஜூன் மாதம் பிறந்தால் ஒரு கதை கிளம்பிவிடுகிறது. 1863 ஜனவரி 1 அன்று ஆபிரகாம் லிங்கன் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார். டெக்சஸ் வெகு தொலைவு. அந்தக் காலத்தில் செய்தி போய்ச் சேர நாளாகும். ஆகவே அங்கிருந்த இரண்டரை லட்சம் கறுப்பின அடிமைகள், தாங்கள் விடுதலையானது தெரியாமலே இரண்டரை ஆண்டுகள் பருத்திக் காட்டில் உழைத்துக் கிடந்தார்கள். 1865 ஜூன் 19 அன்று ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டன் துறைமுக நகருக்கு வந்து செய்தியைச் சொன்னார். விலங்கு அறுந்தது. அந்த நாளைத்தான் ஜூன்டீன்த் என்று கொண்டாடுகிறார்கள். தமிழில் வரும் சிறு குறிப்புகளும் காணொளிகளும் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் சொல்வதும் இதைத்தான். நாம் அதை உரசிப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டோம்.

கேட்க உருக்கமான கதைதான். ஆனால் இதில் குற்றம் செய்தவன் என்று ஒருவனும் இல்லை. தூரம்தான் வில்லன், குதிரை மெதுவாக ஓடியதுதான் பாவம். இரண்டரை லட்சம் பேரின் உழைப்பைச் சவுக்கால் பிடுங்கிய கொடுமையைத் தபால் இலாகாவின் கோளாறாக மாற்றிவிடுகிற சாமர்த்தியம் இந்தக் கதைக்கு இருக்கிறது. அதனால்தான் இதை மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில், யாருக்குத் தெரியாது என்கிறார்கள்? பண்ணை முதலாளிகளுக்கா? டெக்சஸில் 1850களிலேயே தந்திக் கம்பி வந்துவிட்டது. லிங்கனின் அறிவிப்பை அங்கே செய்தித்தாள் படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். அமெரிக்காவிலிருந்து பிரிந்து வடக்கோடு உள்நாட்டுப் போரில் இறங்கியிருந்த தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் 1863 ஜனவரியிலேயே தம் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் அதைக் கண்டித்துத் தீர்த்தார். தெரியாத ஒன்றை யாரும் கண்டிக்க முடியாது.

அதைவிடப் பெரிய சாட்சி சாலைகளில் நடந்தது. லூயிசியானா, மிசிசிப்பி, அர்கன்சாஸ் பக்கம் வடக்கின் படை நெருங்க நெருங்க, அங்கிருந்த முதலாளிகள் தங்கள் அடிமைகளை வண்டிகளிலும் கால்நடையாகவும் டெக்சஸை நோக்கி ஓட்டிச் சென்றார்கள். இப்படிக் கொண்டுவரப்பட்டவர்கள் ஐம்பதாயிரம் பேருக்குக் குறையாது என்பார்கள். ஒரு லட்சத்தையும் தாண்டும் என்று கணக்கிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. வழியில் குழந்தைகளும் முதியவர்களும் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்பதை விட்டுவிடுவோம். கேள்வி ஒன்றுதான்: எதற்காக டெக்சஸ்? அங்கே படை வராது என்று நம்பினார்கள். படை வந்தால் லிங்கனின் காகிதத்துக்கு உயிர் வந்துவிடும், படை வராத இடத்தில் அது வெறும் காகிதம். இந்தச் சட்ட நுணுக்கத்தை இன்றைய பாடநூல் எழுதுபவர்களைவிட அந்த முதலாளிகள் துல்லியமாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

கால்வெஸ்டன் நகரமே இதற்கு நல்ல உதாரணம். 1862 அக்டோபரில் வடக்கின் கடற்படை அந்தத் துறைமுகத்தைப் பிடித்திருந்தது. தென்தரப்புப் படை திருப்பித் தாக்கி அதை மீட்டது. என்றைக்கு என்றால், 1863 ஜனவரி 1 அன்று. வாஷிங்டனில் லிங்கன் கையெழுத்துப் போட்ட அதே நாளில், அந்தக் கையெழுத்து செல்லுபடியாகியிருக்கக்கூடிய டெக்சஸின் முக்கியத் துறைமுகம் கைநழுவிப் போனது. ஜூன்டீன்த் பற்றிய சொற்பொழிவுகளில் இந்த விவரம் அதிகம் வருவதில்லை. வந்தால் ‘தாமதமான செய்தி’ கதை அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

சரி, அடிமைகளுக்காவது தெரியாமல் இருந்ததா? சிலருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தனித்துக் கிடந்த பண்ணைகளில் அப்படி வைத்திருக்க முடியும், வைத்தும் இருந்தார்கள். ஆனால் எல்லோரும் ஏமாளிகளாக இருந்தார்கள் என்பது அபாண்டம். 1930களில் அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம் ஒன்று, அடிமைகளாகப் பிறந்து அப்போதும் உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிப்போய் அவர்கள் வாய்மொழியைப் பதிந்தது. சான் அன்டோனியோவில் ஃபீலிக்ஸ் ஹேவுட் என்ற தொண்ணூறு கடந்த முதியவர் பேசினார். மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். போர் எங்கே நடக்கிறது, என்ன ஆகிறது என்பதெல்லாம் தங்களுக்கு எப்போதும் தெரிந்தே இருந்தது என்று சொன்னார். வடக்கே ஓடிப்போக வேண்டிய அவசியம் என்ன, தெற்கே நடந்து ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ, அங்கே அடிமைமுறை இல்லை என்று சிரித்தபடி சொன்னார். விடுதலை மனிதனுக்குப் பெருமிதம் தரும், பணம் தராது என்பதைத் தாங்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.

ரஸ்க் கவுண்டியைச் சேர்ந்த சூசன் மெரிட் சொன்னது இன்னும் நேரடியானது. செப்டம்பர் மாதம். பருத்தி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய வெள்ளைக் குதிரையில் ஒரு வெள்ளைக்காரர் முதலாளியின் வீட்டு வாசலுக்கு வருகிறார். கையில் பெரிய புத்தகம், கட்டுக் காகிதம், அரசாங்க ஆள். ஏன் இன்னும் இவர்களை விடவில்லை என்று கேட்கிறார். விளைச்சலை எடுத்து முடிக்கப் பார்க்கிறேன் என்கிறார் முதலாளி. எல்லோரையும் கூப்பிடச் சொல்கிறார் வந்தவர். சாப்பாட்டுக்கு அழைக்க ஊதும் மாட்டுக்கொம்பை ஸ்டீவன் என்ற பெரியவர் ஊதுகிறார். காட்டிலிருந்து எல்லோரும் ஓடி வருகிறார்கள். காகிதம் வாசிக்கப்படுகிறது: நீங்கள் விடுதலை. வந்தவர் குதிரையேறிப் போய்விடுகிறார். அதன் பிறகும் பல மாதம் முதலாளி தங்களை வேலை வாங்கினார் என்கிறார் சூசன் மெரிட். இருபது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும் கிடைக்கும் என்றார்களாம், கிடைக்கவில்லை. விடுதலை என்று நம்பிக் கிளம்பிய பலர் சபைன் ஆற்றைக் கடக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டதையும், ஆற்றோரத் தோப்புகளில் பிணங்கள் தொங்கியதையும் அவர் அதே மூச்சில் சொல்கிறார்.

இந்தச் சாட்சியத்தில் செய்தி வராத குறை எங்கே இருக்கிறது? செய்தி வந்தது. உரக்க வாசிக்கப்பட்டது. முதலாளியும் கேட்டார், தொழிலாளிகளும் கேட்டார்கள். ‘விளைச்சலை எடுத்து முடிக்கப் பார்க்கிறேன்’ என்று சொன்னவருக்கு எந்தத் தகவல் குறைவாக இருந்தது? குதிரைக்காரர் போன பிறகு அவரைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

கிரேஞ்சரோடு கால்வெஸ்டனுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் படைவீரர்கள். அவர்களை ஒட்டியும் பின்னும் டெக்சஸுக்கு அனுப்பப்பட்ட படைகளில் கறுப்பின வீரர்கள் பல்லாயிரவர் இருந்தார்கள். போர் முழுவதும் வடக்கின் தரைப்படையில் சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் துப்பாக்கி ஏந்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் நேற்றுவரை அடிமைகள். ஜூன் 19 அன்று வந்து சேர்ந்தது இந்தப் படை. தென்தரப்பின் கடைசிப் பெரும் படைப்பிரிவு சரணடைந்த ஒப்பந்தத்தில் ஜூன் 2 அன்றுதான் கால்வெஸ்டன் துறைமுகத்தில் கையெழுத்தாகியிருந்தது. பதினேழு நாளில் உத்தரவு வந்துவிட்டது. இதில் தபால் தாமதம் என்று சொல்ல என்ன இருக்கிறது?

அந்த உத்தரவையும் யாரும் முழுசாகப் படிப்பதில்லை. பொது ஆணை எண் 3 என்பது அதன் பெயர். சில வாக்கியங்கள்தான். முதல் பாதி கம்பீரமானது: அடிமைகள் எல்லோரும் விடுதலை, முன்னாள் எஜமானர்களுக்கும் அவர்களுக்கும் இடையே உரிமையிலும் சொத்திலும் முழுச் சமத்துவம், இனி அவர்களது உறவு முதலாளி, கூலியாள் உறவு. மேடைகளில் ஒலிப்பது இந்தப் பாதி. அடுத்த பாதியில், விடுதலையானவர்கள் இப்போது இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள். ராணுவ முகாம்களில் கூடக் கூடாது. சோம்பிக் கிடந்தால் யாரும் சோறு போட மாட்டார்கள். இரண்டு நூற்றாண்டு உழைத்தவர்களைப் பார்த்து, விடுதலை அறிவிக்கும் அதே காகிதத்தில், சோம்பேறித்தனம் கூடாது என்று உபதேசம்! சவுக்கு பிடித்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த ஆணையில் அப்படி ஒரு வரி இல்லை.

விடுதலையின் விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது அரசு இழப்பீடு கொடுத்தது. ஓர் அடிமைக்கு அதிகபட்சம் 300 டாலர். பெற்றவர்கள் எஜமானர்கள். விடுதலையானவர்களுக்கும் ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருந்தது: நாட்டைவிட்டே போய்விட ஒப்புக்கொண்டால் 100 டாலர் வரை. பிரிட்டன் இன்னும் தாராளம். 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எஜமானர்களுக்கு இரண்டு கோடி பவுண்ட். அதற்காக வாங்கிய கடனை பிரிட்டன் மக்கள் 2015இல்தான் அடைத்து முடித்தார்கள். அதே சட்டம் கிழக்கிந்திய கம்பெனியின் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் பொருந்தாது என்று விலக்கு வைத்திருந்தது. நம்மவர் சிலர் பிரிட்டனின் கருணையைப் பற்றிப் பேசும்போது இந்த விலக்கையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜூன் 19ஓடு அமெரிக்காவில் அடிமைமுறை முடிந்துவிட்டது என்பதும் தவறு. லிங்கனின் அறிவிப்பு கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்தும். வடக்கின் பக்கம் நின்ற கென்டக்கியிலும் டெலவேரிலும் 1865 டிசம்பரில் அரசியல் சட்டத்தின் பதிமூன்றாவது திருத்தம் நிறைவேறும்வரை மனிதர்கள் சட்டப்படியே அடிமைகளாக இருந்தார்கள். கென்டக்கி அந்தத் திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்த ஆண்டு 1976.

இத்தனையும் சொன்னால் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வரும்: அப்படியானால் ஜூன்டீன்த் ஒரு மோசடி நாள்தானே, எதற்குக் கொண்டாட்டம்? இந்த அறிவாளித்தனத்தையும் ஏற்பதற்கில்லை. கொண்டாடியவர்கள் விவரம் தெரியாமல் கொண்டாடவில்லை. 1866இலேயே டெக்சஸில் அந்த நாளை வழிபாட்டோடும் விருந்தோடும் நினைவுகூரத் தொடங்கிவிட்டார்கள். அதே 1866இல்தான் டெக்சஸ் சட்டமன்றம் அவர்களை மீண்டும் பண்ணையில் கட்டிப்போடும் சட்டங்களை இயற்றிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் முடியுமுன் வேலையை விட்டுப் போனால் சம்பளம் போய்விடும்; வேலையில்லாமல் திரிந்தால் தண்டனை; அரசு நிலத்தில் வெள்ளையருக்கு 160 ஏக்கர், கறுப்பருக்கு இல்லை. விடுதலைக்குப் பாதுகாப்பாக வந்த ஃபிரீட்மென்ஸ் பீரோ என்ற மத்திய அரசு அமைப்புக்கு அந்தப் பரந்த மாநிலம் முழுமைக்கும் ஒரே சமயத்தில் நூறு அலுவலர்கள்கூட இருந்ததில்லை.

அந்த நிலைமையில் கூடிப் பாடுவதே ஒரு சவால். நகரத்துப் பூங்காக்களில் அவர்களுக்கு இடமில்லை. ஹூஸ்டனில் ஜாக் யேட்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகரும் அவரது தோழர்களும், எல்லோரும் முன்னாள் அடிமைகள், சபைகளில் காசு சேர்த்து 1872இல் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். ஜூன் 19ஐக் கொண்டாட ஓர் இடம் வேண்டும், அதை யாரும் பூட்டக் கூடாது என்பதற்காகவே வாங்கிய நிலம். எமன்சிபேஷன் பார்க் என்று இன்றும் அது இருக்கிறது. வந்த உத்தரவு போதாது என்று உணர்ந்தவர்கள்தான் சொந்தக் காசில் நிலம் வாங்குவார்கள்.

‘தாமதமான செய்தி’ கதையால் இன்றைக்கு என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். நிறையவே கெட்டிருக்கிறது. நோய் தகவல் குறைபாடு என்றால் மருந்தும் தகவலாகத்தான் இருக்கும்: விழிப்புணர்வு, பயிலரங்கு, நினைவுச் சின்னம், ஒரு நாள் விடுமுறை. டெக்சஸின் பிந்தைய வரலாற்றை எடுத்துப் பார்த்தால் இந்த மருந்து எவ்வளவு பொருந்தாதது என்பது தெரியும்.

இனத்தின் பேரால் ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்ற பதினைந்தாவது திருத்தம் 1870இல் வந்தது. டெக்சஸ் 1902இல் ஓட்டுப்போட வரி விதித்தது. 1923இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்தலில் கறுப்பினத்தவர் வாக்களிக்கக் கூடாது என்றே சட்டம் எழுதியது. அந்தக் கட்சி மட்டுமே ஜெயிக்கும் மாநிலத்தில் அந்தத் தேர்தல்தான் உண்மையான தேர்தல். எல் பாசோவின் மருத்துவர் லாரன்ஸ் நிக்சன் வழக்குப் போட்டு 1927இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். மாநிலம் வேறு வாசல் தேடியது. ஹூஸ்டனின் பல் மருத்துவர் லோனி ஸ்மித் தொடுத்த வழக்கில் 1944இல் வந்த தீர்ப்புதான் அந்தக் கதவை உடைத்தது. எழுபத்து நான்கு ஆண்டுகள். பதினைந்தாவது திருத்தம் பற்றிய செய்தி டெக்சஸுக்கு வந்து சேர எழுபத்து நான்கு ஆண்டுகள் ஆயிற்று என்று எழுத யாருக்காவது துணிவு வருமா?

பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954இல் தீர்ப்பு. 1956இல் ஃபோர்ட் வொர்த் நகருக்குப் பக்கத்தில் மான்ஸ்ஃபீல்டு என்ற சிற்றூரின் பள்ளியில் மூன்று கறுப்பின மாணவர்களைச் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊர்க் கூட்டம் பள்ளி வாசலை மறித்தது. கறுப்பு உருவபொம்மைகளைத் தூக்கில் தொங்கவிட்டது. ஆளுநர் ஆலன் ஷிவர்ஸ் காவலர்களை அனுப்பினார், கூட்டத்துக்குத் துணையாக. குடியரசுத் தலைவர் ஐசனோவர் தலையிடவில்லை. மாணவர்கள் தொலைவிலிருந்த ஃபோர்ட் வொர்த் பள்ளிக்குப் பேருந்தில் போனார்கள். மறு ஆண்டு அர்கன்சாஸின் லிட்டில் ராக்கில் அதே ஐசனோவர் 101ஆவது வான்வழித் தரைப்படைப் பிரிவை அனுப்பினார். ஒன்பது மாணவர்கள் உள்ளே போனார்கள். இரண்டு ஊர்களுக்கும் தீர்ப்பு ஒன்று. ஓரூருக்குப் படை வந்தது, ஓரூருக்கு வரவில்லை.

ஜூன்டீன்தைத் தேசிய விடுமுறையாக்கப் போராடிய ஓபல் லீயின் கதையை எல்லோரும் இனிப்பாகச் சொல்வார்கள்: எண்பத்தொன்பது வயதில் ஃபோர்ட் வொர்த்திலிருந்து வாஷிங்டனை நோக்கி நடக்கத் தொடங்கிய பாட்டி. அவர் ஏன் அந்த நாளைப் பிடித்துக்கொண்டார் என்பது அவ்வளவு இனிப்பாக இல்லை. அவருடைய குடும்பம் ஃபோர்ட் வொர்த்தில் வெள்ளையர் வசித்த தெருவில் ஒரு வீடு வாங்கிக் குடிபோன சில நாளில், சுமார் ஐந்நூறு பேர் கூடி அந்த வீட்டைச் சூறையாடி எரித்தார்கள். அது 1939 ஜூன் 19. ஓபலுக்குப் பன்னிரண்டு வயது. போலீஸ் வராமல் இல்லை; வந்து நின்றது. துப்பாக்கியோடு ஓடிவந்த அவர் தந்தையிடம், நீ சுட்டால் உன்னை இந்தக் கூட்டத்திடம் விட்டுவிடுவோம் என்று சொன்னதாக அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அங்கே நின்ற போலீஸ்காரர்களுக்குச் சட்டம் தெரியாது என்று சொல்ல முடியுமா?

சிறைக்கு வருவோம். பதிமூன்றாவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது, ஒரு விலக்கோடு: குற்றத்துக்கான தண்டனையாக இருந்தால் கட்டாய உழைப்பு செல்லும். தெற்கத்திய மாநிலங்களுக்கு இந்த ஒரு சொற்றொடர் போதுமாக இருந்தது. கறுப்பின இளைஞர்களை அற்பக் குற்றங்களுக்குப் பிடித்து, கைதிகளைக் கரும்புத் தோட்டங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஹூஸ்டனுக்கு அருகே சுகர்லாந்து என்ற ஊர் அந்தக் கரும்பால் பெயர் பெற்றது. 2018 பிப்ரவரியில் அங்கே பள்ளிக் கட்டடம் ஒன்றுக்குத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. 95 பேர். வாடகைக் கைதிகளின் இடுகாடு அது. முன்னாள் சிறைக் காவலரான ரெஜினால்ட் மூர், அந்தப் பகுதியில் கல்லறைகள் இருக்கும், தோண்டுமுன் பாருங்கள் என்று பல ஆண்டுகளாக அதிகாரிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தகவல் இருந்தது, காதுதான் இல்லை. டெக்சஸ் சிறைப் பண்ணைகளில் கைதிகள் இன்றும் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள், பருத்தி உட்பட.

2013 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் கண்காணிப்புப் பிரிவை முடக்கியது. இன ஒதுக்கல் வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் மத்திய அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு போயிற்று. சில மணி நேரத்தில் டெக்சஸ் தன் புதிய அடையாள அட்டைச் சட்டம் அமலுக்கு வருகிறது என்று அறிவித்தது. அந்தச் சட்டத்தில் கைத்துப்பாக்கி உரிமம் செல்லும், மாநிலப் பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது. அன்றைக்குச் செய்தி எவ்வளவு வேகமாகப் பயணம் செய்தது பாருங்கள்.

2021 ஜூனில் டெக்சஸ் ஆளுநர் ஒரு கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அடிமைமுறையும் இனவெறியும் அமெரிக்காவின் மூலக் கொள்கைகளிலிருந்து தடம் மாறிய பிறழ்வுகள் என்றில்லாமல் வேறு விதமாகக் கற்பிக்கக் கூடாது என்றது அது. கொள்கை நல்லது, நடுவில் ஏதோ கோளாறு. ‘தாமதமான செய்தி’ கதையே சட்ட வடிவில் வந்து நின்றது. அதே மாதம் ஜூன்டீன்த் தேசிய விடுமுறையானது. மறு ஆண்டு பெரிய கடைச் சங்கிலி ஒன்று ஜூன்டீன்த் ஐஸ்கிரீம் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பெற்றது.

விடுமுறைக்கு வழிவகுத்தது 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஒரு போலீஸ்காரரின் முழங்காலுக்கடியில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்ததை அடுத்து எழுந்த கொந்தளிப்பு. ஃபிளாய்ட் வளர்ந்தது ஹூஸ்டனின் தேர்டு வார்டில், எமன்சிபேஷன் பார்க் இருக்கும் அதே பகுதியில். படித்த பள்ளியின் பெயர் ஜாக் யேட்ஸ் உயர்நிலைப் பள்ளி. அந்தப் பத்து ஏக்கரை வாங்கிய போதகரின் பெயர்தான்.

ஃபிளாய்ட் பெயரால் போலீஸ் சீர்திருத்த மசோதா ஒன்று 2021 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி செனட்டுக்குப் போனது. கழுத்தை நெரிக்கும் பிடிக்குத் தடை, அத்துமீறும் போலீஸ்காரர்களை வழக்கிலிருந்து காக்கும் சட்டக் கவசத்துக்கு முடிவு என்று அதில் நடைமுறைக்கான பற்கள் இருந்தன. உச்ச நீதிமன்றம் முடக்கிய கண்காணிப்பை மீட்கும் வாக்குரிமை மசோதாவும் அதே ஆண்டு பிரதிநிதிகள் சபையைத் தாண்டியது. ஜூன்டீன்த் விடுமுறை மசோதா செனட்டில் ஒரு எதிர்ப்புக்கூட இல்லாமல் ஏகமனதாக நிறைவேறியது. மற்ற இரண்டும் அதே செனட்டில் செத்துப்போயின.